சோடிக்காரியின் கொப்பி

ஒரு வீட்டுக்குப் போன் எடுத்து, அங்கே இருந்த வருத்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எப்படிக் கேட்பது? இரண்டு மாதமாக எனக்கு அதுதான் வேலையாக இருந்தது. நேராகக் கேட்க முடியாது. "எல்லாரும் சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். உடனே "ஓம், இருக்கிறம்" என்று பதில் வந்தால் ஆள் இருக்கிறார். கொஞ்சம் இழுபட்டால், அடுத்ததாக "உங்களுக்குத் தெரியாதோ?" என்ற கேள்வி வரப்போகிறது. அந்த இழுவையைக் கேட்டுக் கேட்டே எனக்கு வலது காது அலுத்துப் போய்விட்டது.

எங்களுடையது ஒரு சின்னச் சங்கம். மார்பில் புற்றுநோய் வந்து, வெட்டி, மருந்தேற்றி, பிழைத்து நிற்கிற பெண்களுக்கானது. மாதத்தின் முதல் சனிக்கிழமை சனசமூக நிலையம் ஒன்றின் பின்னறையில் கூடுவோம். தேத்தண்ணி குடிப்போம், கதைப்போம், ஒருத்தியின் பயத்தை இன்னொருத்தி பார்த்துச் சிரிப்போம். கொரோனா வந்து அதை நிறுத்தியது. கொரோனா போனதும் பெற்றோல் வரிசை வந்து பஸ்ஸையும் நிறுத்தியது. மூன்று வருடம் போன பிறகு தலைவி ஒருநாள், "இனியெண்டாலும் எல்லாரையும் ஒருக்காக் கூப்பிடுவம்" என்றார். கூப்பிடுகிற வேலை செயலாளரிடம் வந்தது. செயலாளர் என்றால் மற்றவர்கள் செய்யாததைச் செய்கிறவர். அது நான்.

அறுபத்திரண்டு வயது. கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவள். என் இடது பக்கமும் கத்திக்குப் போனதுதான். முப்பது வருடம் கந்தோரில் போன் எடுத்தபோது வராத களைப்பு இந்த இரண்டு மாதத்தில் வந்தது. பாதி நம்பர்கள் வேலை செய்யவில்லை. ஒரு நம்பர் இப்போது கிளிநொச்சியில் கோழிக்கடை வைத்திருக்கிறவரிடம் இருக்கிறது. மறந்துபோய் மூன்றாவது தரமும் நான் எடுத்தபோது அவரே, "அக்கா, உங்கடை ஆள் இன்னும் கிடைக்கேல்லையோ?" என்று கவலைப்பட்டார். ஆள் இறந்துபோன வீடுகளோடு கதைப்பதுதான் பெரிய பாடு. அந்தச் செத்தவீடுகள் ஒன்றுக்கும் நாங்கள் போகவில்லை. போக விடவில்லை என்பது உண்மை. விட்ட பிறகும் போகவில்லை என்பதும் உண்மை. எங்கள் ஊர்களில் துக்கம் விசாரிக்காத வீட்டோடு வேறு எந்தக் கதையும் தொடங்க முடியாது.

பட்டியலில் இரண்டு பேரை மட்டும் நான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒருவர் இணுவில் அக்கா. மற்றவர் நெல்லியடி ரீச்சர். ரீச்சர் இறந்தது எனக்கு முதலே தெரியும். இணுவில் அக்காவுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தவள் நான்.

இதைச் சொல்ல, முதலில் எங்கள் சங்கத்துக் கொப்பிக் கதையைச் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கொப்பி இருக்கும். வெட்டினது, ஏற்றினது, எழுதிக் கொடுத்த குளிசை, அடுத்து வர வேண்டிய திகதி எல்லாம் அதில்தான். நகைப்பெட்டி தொலைந்தாலும் அந்தக் கொப்பி தொலையாது. ஆனால் கொப்பி பத்திரமாக இருந்தது, ஆட்கள்தான் கிளினிக்குக்குப் போகவில்லை. நல்லூர்த் திருவிழா என்பார்கள். வெங்காயம் கிண்டுகிற நாள் என்பார்கள். மருமகன் வெளிநாட்டால் வந்து நிற்கிறார், எப்படி விட்டுவிட்டுப் போவது என்பார்கள். தனக்கென்று வந்தால் எங்கள் பெண்கள் எதையும் தள்ளிப் போடுவார்கள். அடுத்தவருக்கு ஒரு கரைச்சல் என்றால் தள்ள மாட்டார்கள். அதைக் கவனித்து நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். இரண்டிரண்டு பேராகச் சோடி சேர வேண்டும். ஒருவரின் கொப்பி மற்றவரின் வீட்டில் இருக்க வேண்டும். நான் வராவிட்டால் அவளுக்குக் கொப்பி இல்லை என்று நினைத்தாவது இருவரும் வெளிக்கிடுவார்கள்.

அயலில் இருப்பவர்களைச் சோடி சேர்க்கவும் முடியாது. தனக்கு இந்த வருத்தம் என்று எவரும் சொந்த ஊரில் சொல்வதில்லை. கட்டிக்கொடுக்கப் பெட்டைகள் இருக்கிற வீடென்றால் இன்னும் மோசம். அதனால் தூரத்து ஊர்களாகப் பார்த்துச் சோடி சேர்த்தேன். கிளினிக் நாளில் இருவரும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பத்திரிகைக் கடைக்கு முன்னால் சந்திப்பார்கள். கொப்பியை மாற்றுவார்கள், போவார்கள், திரும்பி வந்து மறுபடியும் மாற்றிக்கொண்டு பிரிவார்கள். ஒருவரும் கிளினிக்கைத் தவறவிடவில்லை. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. என் கொப்பியை மட்டும் நான் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. செயலாளருக்குச் சோடி தேவையில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு ஆளும் இருக்கவில்லை.

இணுவில் அக்காவையும் நெல்லியடி ரீச்சரையும் சேர்த்தபோது தலைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "உது சரிவராது" என்றார். அக்கா தோட்டக்காரி. வெங்காயமும் வாழையும் போடுகிற குடும்பம். அவர் கதைத்தால் பஸ் நிலையத்தின் மற்றக் கரைக்கும் கேட்கும். ரீச்சர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பத்து வார்த்தை தேவையான இடத்தில் மூன்றோடு நிறுத்துவார். நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். இணுவிலில் ஏறினால் ஊர்க்கதை முடிவதற்குள் பட்டணம் வந்துவிடும். ஆனாலும் ரீச்சர்தான் எப்போதும் அரை மணித்தியாலம் முந்தி வந்து நிற்பார். "உவ இரவே வந்து படுக்கிறவவோ?" என்று அக்கா ஏசுவார். ஏசிக்கொண்டே பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்து நீட்டுவார். ரீச்சர் ஒரு பழத்தை மட்டும் முறித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பார். அந்தச் சோடிதான் எங்கள் சங்கத்திலேயே ஆக நெருங்கிய சோடியாக வந்தது. அது எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

முதல் ஊரடங்கு வந்தபோது எல்லாக் கொப்பிகளும் பிறர் வீடுகளில் கிடந்தன. அதை நான் யோசிக்கவேயில்லை. ரீச்சர் போன் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"தங்கச்சி, எனக்கு முதுகுக்குள்ளை நோகுது. வாற புதன் கிளினிக். றோட்டிலை கொப்பியைக் காட்டினால்தான் விடுவினமாம். என்ரை கொப்பி இணுவிலிலை கிடக்கு. என்ன செய்யிறது?"

ரீச்சர் இவ்வளவு நீளமாகக் கதைத்ததே எனக்கு ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அன்று காலையிலிருந்து மருந்து கிடைக்கவில்லை, மா கிடைக்கவில்லை என்று இருபது போன் வந்திருந்தது. நான் கந்தோரில் வேலை செய்தவள். எந்த அதிகாரியிடம் கேட்டால் ஒரு கடிதம் கிடைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு போன் எடுத்திருந்தால் போதும். களைப்பாக இருந்தது, எடுக்கவில்லை.

"ரீச்சர், கொஞ்சம் பொறுங்கோ. உந்த ஊரடங்கை இண்டைக்கோ நாளைக்கோ எடுத்திடுவினம். பொறுத்தார் பூமியாள்வார் எண்டு நீங்களே பள்ளிக்கூடத்திலை சொல்லிக் குடுத்திருப்பியள்."

"நான் கணக்கு ரீச்சர். அது தமிழ் ரீச்சரின்ரை வேலை" என்று சொல்லி அவர் மெல்லச் சிரித்தார். அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது அதுதான்.

ஊரடங்கு இன்றைக்கும் எடுக்கவில்லை, நாளைக்கும் எடுக்கவில்லை. எடுத்து ஒரு மாதத்தில் ரீச்சர் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் போகலாம் என்றிருந்த காலம். பத்திரிகையில் அறிவித்தல் பார்த்தேன். இணுவில் அக்கா பத்திரிகை வாங்குகிறவர் இல்லை. அதே கிழமை அவர் போன் எடுத்து, "உவவின்ரை போன் வேலை செய்யேல்லை, என்ன சங்கதி?" என்று கேட்டார். வருத்தக்காரருக்குச் சாவைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் சங்கத்தில் எழுதாத விதி. கூட்டத்துக்கு முதல், இறந்தவரின் கதிரையைக்கூட வெளியே எடுத்துவிடுவோம். "கொழும்பிலை மகள் வீட்டை நிக்கிறாவாம்" என்றேன். அப்போதைக்கு வாயில் வந்தது. பிறகு பிளேன்கள் ஓடத் தொடங்க, "மற்ற மகள் கனடாவுக்குக் கூப்பிட்டிட்டா" என்றேன். கனடா என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் மறுகேள்வி கேட்பதில்லை. அக்காவின் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில், ரீச்சர் இறந்தது எப்படி என்று அவர் கேட்டால் கொப்பிக் கதைக்கு வர வேண்டியிருக்கும் என்ற பயம்தான்.

பட்டியலில் மற்ற எல்லாப் பெயரும் முடிந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இணுவிலுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நான் சங்கத்திலை இருந்து..."

"ஓ, நீயோ. உயிரோடைதான் இருக்கிறன். அதைத்தானே கேக்கப் போறாய்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "வாற முதல் சனி திரும்பக் கூடுறம். வாங்கோவன்" என்றேன்.

"கனடாக்காரி வருவாவோ?"

நான் பட்டியலில் ரீச்சரின் பெயரைப் பேனையால் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நானும் வரேல்லை. மூண்டு வருசம், ஒரு போன் இல்லை. போறன் எண்டு ஒரு சொல்லு இல்லை. என்ரை கொப்பியையும் எல்லே கொண்டு போட்டா. நான் விசரி, அவவின்ரை கொப்பியை அலுமாரிக்குள்ளை வைச்சுக் காவல் காக்கிறன்."

"அக்கா, நீங்கள் கிளினிக்குக்குப் போறேல்லையோ?"

"கொப்பி இல்லாமல் எப்பிடிப் போறது? நீதானே சட்டம் போட்டனீ."

"குளிசை?"

"முதல் தபாலிலை வந்தது. பேந்து நிண்டு போச்சு." பிறகு, பெரிதாக ஒன்றுமில்லை என்பது போலச் சொன்னார்: "கக்கத்துக்குள்ளை ஒரு கட்டி கிடக்கு. சும்மா கொழுப்பாய் இருக்கும். கையும் வீங்கிக் கிடக்கு. வெங்காயம் கட்டினதாலை எண்டு நினைக்கிறன்."

வெங்காயம் கட்டினதால் வந்ததல்ல என்று எங்கள் சங்கத்தில் இருக்கிற எவளுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கொப்பி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கே போங்கள், புதிதாக ஒன்று போட்டுத் தருவார்கள் என்று கெஞ்சினேன்.

"எனக்குப் புதுக்கொப்பி வேண்டாம். அவ வரட்டும். முகத்துக்கு நேரை ரெண்டு கேள்வி கேட்டு, என்ரை கொப்பியை வாங்கிக்கொண்டுதான் போவன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வராத ஆளுக்காக அவர் கட்டியோடு காத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளைக் கனடாவுக்கு அனுப்பி வைத்தவள் நான்.

அடுத்த நாள் வெள்ளி. துக்கம் விசாரிக்க வெள்ளியும் செவ்வாயும் கூடாது. கக்கத்துக் கட்டி வெள்ளி செவ்வாய் பார்த்தா வளர்கிறது? ஆனாலும் மூன்று வருடம் போகாத வீட்டுக்கு வெள்ளிக்கிழமையில் போய் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்னுமொரு நாள் பொறுத்தேன். பொறுப்பதில் நான் கெட்டிக்காரி.

சனிக்கிழமை காலை நெல்லியடியில் இறங்கி, சந்தையைத் தாண்டி, விசாரித்து விசாரித்துப் போனேன். ரீச்சரின் கணவர்தான் கேற்றைத் திறந்தார். மெலிந்த மனிதர், சாரத்தோடு நின்றார். "சங்கத்துச் செயலாளர்" என்றேன். கேற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு "வாங்கோ" என்று விலகினார். உள்ளே ரீச்சரின் படத்துக்கு மேலே சின்ன மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. கதிரையில் இருந்து அழுதேன். அவர் அழவில்லை. யன்னல் பக்கம் பார்த்தபடி கதைத்தார்.

"செயலாளர் பொறுக்கச் சொன்னவ எண்டு அவ சொன்னவ. நான் விடேல்லை. அந்த இணுவில் மனுசியின்ரை கொப்பி இஞ்சை கிடக்குத்தானே, அதைக் காட்டிக்கொண்டு போவம், றோட்டிலை நிக்கிறவை பேரே வாசிக்கப் போகினம் எண்டு கேட்டனான். மற்றாளின்ரை கொப்பியைக் காட்டிப் பொய் சொல்லிக்கொண்டு நான் போகன் எண்டிட்டா. முப்பத்தைஞ்சு வருசம் கணக்குப் படிப்பிச்ச மனுசி. விடை பிழையெண்டால் பிழைதான்."

"பிறகு?"

"பிறகு, ஊரடங்கு எடுக்க முதலே மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டா. அம்புலன்சிலை ஏத்திக்கொண்டு போனம். அங்கை ஒருத்தரும் கொப்பி கேக்கேல்லை."

அவர் எழுந்து உள்ளே போனார். சட்டி வைக்கிற சத்தம் கேட்டது. பிளேன்ரீயோடு வந்து, என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு உங்களிலை சரியான கோவம் இருந்தது. வந்தால் என்னெண்டு ஏசுறது எண்டு சொல்லுச் சொல்லாய் யோசிச்சு வைச்சிருந்தனான். நீங்கள் வரேல்லை. இப்ப அந்தக் கோவமும் களைச்சுப் போச்சு."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கத்தான் முடியவில்லை. ஆனாலும் முழுதையும் குடித்தேன்.

கொப்பியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே கொண்டுவந்து தந்தார். ரீச்சர் அதற்கு மண்ணிறத் தாளில் உறை போட்டு, நாலு மூலையும் மடித்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பியைப் போல வைத்திருந்தார். பின்பக்கத்தில் சின்னத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அக்காவின் அடுத்த கிளினிக் திகதி, சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. அதன் கீழே, "இடது கையால் பாரம் தூக்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தது. செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. மூன்று வருடம் பிந்திப் போனாலும் அது செத்தவீடுதான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். அவரும் கேற்றைச் சாத்தினார்.

அங்கிருந்து பஸ் எடுத்து, பட்டணத்தில் மாறி, நேரே இணுவிலுக்குப் போனேன். வீட்டுக்குப் போய் இருந்தேனென்றால் பிறகு எழும்பியிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அக்கா பின்வளவில் சாக்கை விரித்து இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். இடது கை முழங்கையிலிருந்து விரல்வரை ஊதிப் போய் இருந்தது. அந்தக் கையால் வெங்காயத்தைப் பிடித்து, வலது கையால் முடிச்சுப் போட்டார். நான் கொப்பியை நீட்டினேன்.

"கனடாவாலை அனுப்பினவவோ?" என்று கேட்டார். முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. அதைப் பார்த்ததும், ஓம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"இல்லை அக்கா. ரீச்சர் மோசம் போட்டா."

"எப்ப?"

"முதல் ஊரடங்கு எடுத்து அடுத்த மாதம்."

பிடித்திருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "நீ கொழும்பு எண்டனீ."

"ஓம்."

"பேந்து கனடா எண்டனீ. அங்கை ஸ்னோ கொட்டுதாம், வெளியிலை வெளிக்கிடேலாதாம் எண்டும் சொன்னனீ."

"ஓம் அக்கா."

எல்லாவற்றையும் சொன்னேன். ரீச்சர் கொப்பி கேட்டதையும், நான் பொறுக்கச் சொன்னதையும், இந்தக் கொப்பியைக் காட்டிப் போக அவர் மாட்டேன் என்றதையும் சொன்னேன். அக்கா சத்தம் போடவில்லை. அவர் மெதுவாகக் கதைத்து நான் அன்றுதான் கேட்டேன்.

"மூண்டு வருசம் அவளைத் திட்டினனடி. விடிய எழும்பித் தேத்தண்ணி வைக்கேக்கையே தொடங்குவன். சொல்லாமல் ஓடினவள், நன்றி கெட்டவள் எண்டு. அந்தப் பனிக்குள்ளை கிடந்து விறைச்சுச் சா எண்டும் ஒருநாள் சொல்லிப் போட்டன். செத்தவளை எல்லே திட்ட வைச்சிட்டாய்."



அவர் எழுந்து கிணற்றடிக்கு நடந்தார். "தலையிலை தோய வேணும்" என்றார்.

"அக்கா, சாவுத் துடக்கு சொந்தத்துக்குத்தானே..."

"சொந்தம் எதெண்டு நீ எனக்குப் படிப்பியாதை. என்ரை கை ஏலாது. அள்ளி ஊத்து."

மோட்டர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் உடுத்த சீலையோடு குந்தினார். நான் வாளியை விட்டு அள்ளினேன். என்னுடைய இடது கையும் பாரம் தூக்கக்கூடாத கைதான். வலது கையால் இழுத்து, முழங்காலில் முட்டுக் கொடுத்து, அவர் தலையில் ஊற்றினேன். "இன்னும்" என்றார். ஊற்றினேன். "இன்னும்" என்றார். பத்து வாளிக்கு மேல் இருக்கும். நனைந்த சட்டையில் கக்கத்துக் கட்டி தெரிந்தது, தேசிக்காய் அளவில். நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். வாளியை வைத்துவிட்டு இருவரும் ஈரத்தில் இருந்தோம். அப்போதுதான் அவர் குரல் விட்டு அழுதார். வீட்டுக்குள் இருந்த மகள் ஓடி வந்து, என்னவென்று விளங்காமல் துவாயோடு நின்றாள்.

தலையைத் துடைத்தபடி அக்கா கேட்டார்: "கிளினிக் இப்பவும் புதன்தானே? பஸ் நிலையத்துக்கு வா. உன்ரை கொப்பியையும் கொண்டு வா."

"என்ரை ஏன்?"

"உனக்குச் சோடி ஆர்?"

"எனக்கு ஒருத்தரும் இல்லை."

"நீ கடைசியாய் எப்ப கிளினிக்குக்குப் போனனீ?"

மற்ற எல்லாரிடமும் நான் கேட்கிற கேள்வி அது. என் கொப்பி மூன்று வருடமாக என் மேசை லாச்சியில், ஒருவரும் மறிக்காமல், கைக்கெட்டின தூரத்தில் கிடந்தது. நான் போகவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. வெளிக்கிட மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஊருக்கடி உபதேசம் உனக்கல்லடி என்பது எனக்காகவே சொன்னது. நான் தலையைக் குனிய, அக்கா "ஓகோ" என்றார்.

புதன்கிழமை போனோம். டொக்டர் அக்காவின் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து திருப்பிப் பார்த்தார். கட்டியை அமத்திப் பார்த்தார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல், "தோட்டத்திலை வேலை, ஐயா" என்றார். சோதனைக்கு எழுதித் தந்தார்கள். என்னையும் பார்த்து, எனக்கும் ஒரு திகதி போட்டார்கள்.

திரும்பிப் பஸ் நிலையத்துக்கு வந்ததும் பழக்கத்தில் என் கொப்பியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவருடையதுக்குக் கையை நீட்டினேன். அவர் என்னுடையதை வாங்கித் தன் பையில் வைத்தார். தன்னுடையதையும் அதே பையில் வைத்தார். ரீச்சரின் கொப்பி ஏற்கனவே அதற்குள் இருந்தது.

"என்ரையை உன்னட்டைத் தரமாட்டன். நீ பொறுக்கச் சொல்லுற ஆள்" என்று சொல்லிவிட்டு, இணுவில் பஸ்ஸில் ஏறினார்.

முதல் சனிக்கிழமை சங்கம் கூடியது. பதினொரு பேர் வந்தார்கள். பின்னறை தூசி, மின்விசிறி சுற்றவில்லை, தேத்தண்ணிக்குச் சீனி மறந்துபோய்விட்டது. வழக்கம்போல இரண்டு மூன்று கதிரையை நான் வெளியே தூக்கப் போக, அக்கா மறித்தார். "வை அங்கை. நெல்லியடி ரீச்சர் செத்துப் போனா. தெரியாதவை தெரிஞ்சுகொள்ளுங்கோ. இனி ஒருத்தரையும் கனடாவுக்கு அனுப்புறேல்லை" என்றார். பிறகு ஒவ்வொருத்தியாகத் தங்களுக்குத் தெரிந்த சாவுகளைச் சொல்லத் தொடங்கினார்கள். அன்று முழுக்க அதுதான் நடந்தது. அழுது முடிய எல்லாருக்கும் பசித்தது. கொப்பி மாற்றுகிற சட்டத்தை எடுத்துவிட்டோம். இப்போது கொப்பிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துச் சோடிக்கு அனுப்புகிறார்கள். என்னுடைய கொப்பி மட்டும் இணுவிலில்.

அக்காவின் கட்டி கொழுப்பு இல்லை. நாங்கள் பயந்ததுதான். மூன்று கிழமைக்கு ஒருதரம் திரும்பவும் மருந்து ஏற்றுகிறார்கள். மூன்று வருடம் முந்தி வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் டொக்டரிடம் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய் பின்னேரம் அவருடைய போன் வந்தது. குரல் அடைத்துப் போய் இருந்தது.

"நாளைக்கு உனக்குக் கிளினிக்."

"அக்கா, உங்களுக்கு மருந்தேத்தி நாலு நாள்தானே. எனக்கும் முழங்கால் ஏலாமல் கிடக்கு. அடுத்த மாதம் பாப்பம். கொஞ்சம் பொறுங்கோ..."

சொன்ன பிறகுதான் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. மறுமுனையில் அந்த இழுவை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆறரைக்கு நிப்பன். கொப்பி என்னட்டை" என்று சொல்லிப் போனை வைத்தார்.

காலையில் ஆறரைக்குப் பத்து நிமிடம் இருக்கப் போனேன். பத்திரிகைக் கடைக்கு முன்னால், மயிர் கொட்டின தலைக்குச் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, மடியில் பையோடு அக்கா இருந்தார். முகம் வெளிறிப் போய், உதடெல்லாம் வெடித்திருந்தது. பையைத் திறந்து என் கொப்பியை எடுத்தார். அதற்கு மண்ணிறத் தாளில் உறை போட்டிருந்தது. மூலைகள் கோணல்மாணலாக மடிந்திருந்தன.

"பிந்திப் போனாய்" என்றார். "ரீச்சர் எண்டால் இதுக்கு முன்னம் வந்து நிண்டிருப்பா."